அமெரிக்க காலேஜ்ல உங்க சான்ஸ் எத்தனை சதவீதம்னு சொல்ற சைட்: நாலு மாசம் காசு கட்டி யூஸ் பண்ண என் ரிவ்யூ

அமெரிக்காவுல டிகிரி படிக்க அப்ளை பண்ண ஆரம்பிச்சா ஒரு கட்டத்துல அந்த விளம்பரம் கண்ணுல பட்டுடும், உங்க மார்க்கை போடுங்க, எந்த யுனிவர்சிட்டில உங்களுக்கு எத்தனை சதவீதம் சான்ஸ்னு நாங்க சொல்றோம்னு. எனக்கும் பட்டுச்சு. ஆகஸ்ட்ல ஃப்ரீயா ஒரு அக்கவுண்ட் போட்டேன், செப்டம்பர்ல காசு கட்டுற பிளானுக்கு மாறினேன், டிசம்பர் கடைசி வரைக்கும் மாசாமாசம் கட்டினேன். இப்போ எல்லா ரிசல்ட்டும் வந்து முடிஞ்சாச்சு, அந்த சைட் சொன்னதையும் உண்மையில நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத முடியுது. சைட் பேரை நான் எழுதல. இதே மாதிரி நாலஞ்சு இருக்கு, கேக்குற கேள்வி எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான், நான் கீழ சொல்ற சோதனையை நீங்க எந்த சைட்ல வேணும்னாலும் பத்து நிமிஷத்துல பண்ணிப் பாத்துக்கலாம்.

உள்ள போனதும் ஜிபிஏ (4.0க்கு கணக்கு போடுற ஸ்கூல் மார்க் சராசரி) கேக்கும், எஸ்ஏடி (1600க்கு எழுதுற காலேஜ் நுழைவுத் தேர்வு) ஸ்கோர் கேக்கும், எத்தனை கஷ்டமான கோர்ஸ் எடுத்தீங்க, எத்தனை ஆக்டிவிட்டி, ஒவ்வொன்னுலயும் வெறும் மெம்பரா இல்ல லீடரா, அவ்ளோதான். அப்புறம் நீங்க தேர்ந்தெடுத்த காலேஜ் ஒவ்வொன்னு பக்கத்துலயும் ஒரு வட்டம் வரும், உள்ள சதவீதம், சிவப்பு மஞ்சள் பச்சைனு கலர். எங்க ஸ்கூல்ல ஜிபிஏவே கிடையாது, சதவீதம்தான். நான் 92ன்னு போட்டதும் அதுவா 3.7ன்னு மாத்திக்குச்சு, எந்தக் கணக்குல மாத்துச்சுன்னு எங்க தேடியும் கிடைக்கல. காமன் ஆப்ல, அதாவது நிறைய காலேஜுக்கு ஒரே இடத்துல அப்ளை பண்ற ஃபார்ம்ல, உங்க ஸ்கூல் எப்படி மார்க் கொடுக்குதோ அப்படியே போட இடம் இருக்கு, யாரும் நம்மள 4.0க்கு மாத்தச் சொல்றதில்ல. இந்த சைட் முதல் அடியிலயே நான் கொடுக்காத ஒரு எண்ணை வச்சுத்தான் என்னை அளக்க ஆரம்பிச்சது, அப்போ அது எனக்கு உறைக்கல.

உறைக்காததுக்குக் காரணம் இருக்கு. அந்த வட்டம் அவ்ளோ அழகா நகரும். ராத்திரி படுத்துக்கிட்டு ஃபோன்ல ஒரு ஆக்டிவிட்டிய மெம்பர்ல இருந்து பிரசிடெண்ட்னு மாத்துவேன், 6 இருந்தது 9 ஆகும், எஸ்ஏடிய 1480ல இருந்து 1530 ஆக்குவேன், 9 இருந்தது 13 ஆகும். நான் பிரசிடெண்ட் கிடையாது, 1530 வாங்கவும் இல்ல. ஆனாலும் அந்த 13ஐ பாத்துட்டு தூங்குறதுல ஒரு நிம்மதி இருந்தது. அக்டோபர்ல ரெண்டு வாரம் எஸ்ஸே, அதாவது அப்ளிகேஷனோட அனுப்ப வேண்டிய கட்டுரை, ஒரு வரி கூட எழுதல, தினமும் இதை மட்டும் பண்ணியிருக்கேன்னு பிரவுசர் ஹிஸ்டரி பாத்தப்போதான் தெரிஞ்சது. பதினேழு வயசுல பயந்துபோய் இருக்குற ஒரு பிள்ளை கையில இப்படி ஒன்னக் கொடுத்தா அது வேற என்ன பண்ணும்? இதை நான் கோவமாத்தான் எழுதுறேன், என்னை மாதிரி இப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்திருக்குறவங்க இருப்பாங்கன்னு தெரியும்.

சந்தேகம் வந்தது எங்க அக்காவுக்கு. அவ பின்னாடி நின்னு பாத்துட்டு, பெர்க்லி எஸ்ஏடி பாக்குறதில்லயே, அங்க ஏன் நம்பர் மாறுதுன்னு கேட்டா. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோன்னு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி சிஸ்டம் (யூசி) மொத்தமும் 2021ல இருந்து அட்மிஷனுக்கு எஸ்ஏடி, அதே மாதிரி இன்னொரு தேர்வான ஏசிடி ரெண்டையுமே கணக்குல எடுக்குறதில்ல. ஆப்ஷனல் கூட இல்ல, அனுப்பினாலும் பாக்க மாட்டாங்க. நான் அவ முன்னாடியே எஸ்ஏடிய 1300 ஆக்கினேன், பெர்க்லி 14ல இருந்து 8க்கு இறங்குச்சு. 1580 ஆக்கினேன், 21க்கு ஏறுச்சு. யாருமே பாக்காத ஒரு மார்க்குக்கு 13 புள்ளி வித்தியாசம் வருது. அக்கா ஒன்னும் சொல்லல, நாற்காலிய இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்தா, அன்னிக்கு சாயங்காலம் மொத்தமும் ரெண்டு பேரும் ஒவ்வொரு கட்டமா மாத்தி மாத்திப் பாத்தோம்.

அடுத்து மாத்தினது குடியுரிமை. அந்தக் கட்டம் ப்ரொஃபைல்ல இருக்கு, அமெரிக்க சிட்டிசன், கிரீன் கார்டு, வெளிநாட்டு மாணவர்னு மூணு ஆப்ஷன். மூணையும் மாத்தி மாத்திப் போட்டோம், ஒரு காலேஜ்ல கூட ஒரு புள்ளி நகரல. எம்ஐடி தன்னோட அட்மிஷன் புள்ளிவிவரத்துல அமெரிக்கக்காரங்களுக்குத் தனி, வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனின்னு எண்ணிக்கைய வெளிப்படையா போடுது. சமீபத்து வருஷங்கள்ல மொத்தமா பாத்தா நூத்துக்கு 4, 5 பேர் உள்ள போறாங்க, வெளிநாட்டு மாணவர்கள மட்டும் எடுத்தா நூத்துக்கு 2 பேர் பக்கம்தான். பாதிக்கும் கீழ. எந்த வரிசையில நிக்கிறோம்ங்கறதே தெரியாம அந்த சைட் எனக்கு டோக்கன் நம்பர் கொடுத்துட்டு இருந்திருக்கு.

படிக்கப்போற பாடமும் அப்படித்தான். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு போட்டிருந்தேன், அர்பானா-ஷாம்பெயின்ல இருக்குற இல்லினாய் யுனிவர்சிட்டிக்கு 58ன்னு பச்சை காட்டுச்சு. அங்க எல்லாப் பாடத்தையும் சேர்த்துப் பாத்தா நூத்துல 40 பேர் பக்கம் எடுக்குறாங்க, உண்மைதான், ஆனா சிஎஸ்சுக்கு மட்டும் நூத்துக்கு 10 பேர் கூட இல்ல. அங்க பாடம் வாரியா அட்மிஷன். பாடத்தை வரலாறுன்னு மாத்திப் பாத்தேன், அதே 58. அந்த ஒரு பச்சை வட்டத்தை நம்பி எத்தனை பேர் இன்னொரு சேஃப்டி காலேஜ் (கண்டிப்பா கிடைக்கும்னு நம்பி வச்சுக்குற இடம்) தேடாம விட்டிருப்பாங்களோன்னு நினைச்சா இன்னும் மனசு ஆறல.

எல்லாத்தையும் விட எனக்கு அடி விழுந்தது பண விஷயத்துல. எங்க வீட்டுல முழு ஃபீஸ் கட்ட முடியாது, ஃபைனான்சியல் எய்ட் கேட்டே ஆகணும். இதைக் கேக்குற கட்டமே அந்த சைட்ல இல்ல. எய்ட் கேட்டா சான்ஸ் குறையுமா குறையாதாங்கறது காலேஜுக்கு காலேஜ் மாறும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடன் மாதிரி கொஞ்ச இடங்கள்ல மட்டும்தான் வெளிநாட்டு மாணவர் எய்ட் கேட்டாரா இல்லையான்னு பாக்காமலே முடிவு எடுக்குறாங்க, இதை நீட் பிளைண்ட்னு சொல்வாங்க. மத்த பெரும்பாலான இடங்கள்ல பாப்பாங்க, நீ நல்ல ஸ்டூடண்ட்தான், ஆனா உனக்குக் கொடுக்க இந்த வருஷம் பணம் இருக்கான்னு யோசிப்பாங்க. அது தப்புன்னு நான் சொல்லல, அவங்க பட்ஜெட் அவ்ளோதான். ஆனா எனக்கு 78 சதவீதம், பச்சை, சேஃப்டின்னு அந்த சைட் காட்டின ஒரு காலேஜ்ல மார்ச் மாசம் வெயிட்லிஸ்ட்னு லெட்டர் வந்துச்சு. 78 சதவீதம்னா வராம போக வாய்ப்பு இருக்கு, அது எனக்கும் தெரியும். ஆனா அந்த 78 எய்ட் கேக்காத ஒருத்தருக்கான நம்பர்னு எங்கயாவது ஒரு வரி எழுதியிருந்தா நான் அதை சேஃப்டின்னு நினைச்சு உக்காந்திருக்க மாட்டேன்.

மேல இன்னொரு பெரிய நம்பர் காட்டும், உங்க லிஸ்ட்ல ஏதாவது ஒன்னுலயாவது கிடைக்க எத்தனை சான்ஸ்னு. என்னோட ரீச் காலேஜ், அதாவது கிடைக்கிறது கஷ்டம்னு தெரிஞ்சே போடுற இடங்கள், எட்டு, எல்லாமே சராசரியா 12 சதவீதம், அதுக்கு 64ன்னு காட்டுச்சு. அப்பா அதைப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டாரு. கணக்கு போட்டுப் பாத்தா எங்கேர்ந்து வருதுன்னு புரியும், கிடைக்காத சான்ஸ் 0.88, அதை எட்டு தடவை பெருக்கினா 0.36, மிச்சம் 0.64. தாயக்கட்டைய எட்டு தடவை உருட்டுற மாதிரி ஒவ்வொரு காலேஜும் தனித்தனின்னு வச்சுக்கிட்டாதான் இந்தக் கணக்கு சரி. ஆனா எட்டு இடத்துலயும் அதே எஸ்ஸே, டீச்சர் எழுதுற அதே சிபாரிசு லெட்டர், அதே மார்க்தான் போகுது. எஸ்ஸே சுமாரா இருந்தா எட்டு இடத்துலயும் சுமார்தான். அதனால உண்மையான நம்பர் அந்த 64க்கு கீழதான் இருக்கும். வீட்டுல இருக்குறவங்க முடிவெடுக்குறதே இந்த நம்பரைப் பாத்துதான், அதனால இதைத்தான் நான் பெரிய தப்பா நினைக்கிறேன்.

எஸ்ஸேவைப் பத்தி அந்த சைட் ஒரு கேள்வி கூடக் கேக்காது. லெட்டரைப் பத்தியும் கேக்காது. கேட்டாலும் அதை எப்படி எண்ணாக்க முடியும், அது அவங்க குத்தம் இல்ல, ஆனா அதெல்லாம் இல்லாம வர்ற நம்பரை 13ன்னு அவ்ளோ துல்லியமா எழுதக் கூடாது. சப்போர்ட்டுக்கு நான் ஒரு மெயில் போட்டேன், நீங்க 20 சதவீதம்னு சொன்ன நூறு பேர்ல உண்மையில எத்தனை பேருக்குக் கிடைச்சதுன்னு சரிபாத்து வச்சிருக்கீங்களான்னு. நம்பர் சொல்ற எந்தக் கருவிக்கும் இதுதான் முதல் கேள்வி. மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, லட்சக்கணக்கான ப்ரொஃபைல்ல இருந்து கத்துக்கிட்டோம்னு. அந்த ப்ரொஃபைல் எல்லாம் யார் போட்டது, தானாவே வந்து ரிசல்ட்டைப் பதிஞ்சவங்க போட்டது. கிடைச்சவங்க வந்து போடுவாங்க, கிடைக்காதவங்க எத்தனை பேர் திரும்பி வந்து கிடைக்கலன்னு பதியுவாங்க?

பிளானோட ஒரு முப்பது நிமிஷ வீடியோ கால் வரும், அட்மிஷன் எக்ஸ்பர்ட் ஒருத்தர்கூட. அவரு நல்லாத்தான் பேசினாரு, ஆனா என் ஸ்க்ரீன்ல இருக்குற அதே வட்டத்தைத்தான் அவரும் பாத்து வாசிச்சாரு. இன்னும் ரெண்டு ஆக்டிவிட்டி சேருங்கன்னாரு. அது நவம்பர் நடுவுல.

நல்லதையும் சொல்லணும். டெட்லைன் காலண்டர் ரொம்ப நல்லா இருக்கு. முன்கூட்டியே அப்ளை பண்றவங்களுக்கான எர்லி டெட்லைன் பெரும்பாலும் நவம்பர் 1, ரெகுலர் ஜனவரி 1ன்னு பொதுவா சொன்னாலும் காலேஜுக்கு காலேஜ் நாலஞ்சு நாள் முன்ன பின்ன இருக்கும், எய்ட் பேப்பருக்கு வேற தேதி, யூசிக்கு காமன் ஆப்பே கிடையாது தனி அப்ளிகேஷன், அந்தக் குழப்பத்தை எல்லாம் ஒரே இடத்துல வச்சு ஒரு வாரம் முன்னாடியே ஞாபகப்படுத்துச்சு, ஒரு தேதி கூடத் தப்பா இல்ல, நான் சரிபாத்தேன். ஒவ்வொரு காலேஜும் கேக்குற கூடுதல் எஸ்ஸே கேள்விகளையும் ஒன்னா சேத்து வச்சிருந்தாங்க, ஒரே மாதிரி கேள்வி எது எதுன்னு பாத்து ஒரு எஸ்ஸேவை மூணு இடத்துக்கு மாத்தி எழுத முடிஞ்சது. இதெல்லாம் ஃப்ரீ அக்கவுண்ட்லயே கிடைக்கும்.

காசு கட்டாம இதைவிட நல்ல ஒன்னு இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். அதுக்குப் பேர் காமன் டேட்டா செட். அமெரிக்க காலேஜ்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி ஃபார்மை நிரப்பி தங்களோட சைட்லயே போடுவாங்க, காலேஜ் பேரோட காமன் டேட்டா செட்னு தேடினா பிடிஎஃப் வந்துடும், சில காலேஜ் மட்டும் போடுறதில்ல. பாக்க சலிப்பா இருக்கும், கட்டம் கட்டமா, வட்டமும் கிடையாது கலரும் கிடையாது. நேரா சி பிரிவுக்குப் போங்க. சி1ல எத்தனை பேர் அப்ளை பண்ணாங்க, எத்தனை பேரை எடுத்தாங்க, எத்தனை பேர் வந்து சேர்ந்தாங்கன்னு இருக்கும், சமீபத்துல வர்ற ஃபார்ம்ல வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி வரி இருக்கு, நிறைய காலேஜ் அதை நிரப்பியிருக்காங்க, உங்க வரிசை அதுதான். சி2ல வெயிட்லிஸ்ட்ல இருந்து போன வருஷம் எத்தனை பேரைக் கூப்பிட்டாங்கன்னு இருக்கும். சி7தான் எனக்குப் பிடிச்சது. மார்க், எஸ்ஸே, லெட்டர், ஆக்டிவிட்டி, குணம்னு ஒவ்வொன்னுக்கும் நேரா ரொம்ப முக்கியம், முக்கியம், பாப்போம், பாக்க மாட்டோம்னு நாலு கட்டம், ஏதாவது ஒன்னுல டிக் போட்டிருப்பாங்க. எம்ஐடியோட சி7ஐ முதல் தடவை திறந்தப்போ ரொம்ப முக்கியம்ங்கற வரிசையில ஒரே ஒரு டிக்தான் இருந்தது, மார்க்குக்கு இல்ல, எஸ்ஏடிக்கு இல்ல, குணத்துக்கு. நான் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். அன்னிக்குத்தான் வட்டத்தை மூடிட்டு எஸ்ஸேவைத் திறந்தேன்.

சி9ல சேர்ந்தவங்களோட எஸ்ஏடி ஸ்கோர் ரேஞ்ச் இருக்கும், ஆனா அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க. டெஸ்ட் ஆப்ஷனலா, அதாவது ஸ்கோரை விருப்பம் இருந்தா மட்டும் அனுப்பலாம்னு, இருந்த வருஷங்கள்ல நல்ல ஸ்கோர் வந்தவங்கதான் பெரும்பாலும் அனுப்பியிருப்பாங்க, அதனால அந்த ரேஞ்ச் மேல தூக்கிக் காட்டும், பக்கத்துலயே எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தாங்கன்னு இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்க. எம்ஐடி 2022லயே திரும்ப எஸ்ஏடி கட்டாயம்னு சொல்லிடுச்சு, டார்ட்மவுத், பிரௌன், ஹார்வர்டு, கால்டெக் எல்லாம் 2024ல சொன்னாங்க, அதனால பழைய வருஷத்து பிடிஎஃப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க. கடைசியா எச்6, வெளிநாட்டு மாணவர்கள்ல எத்தனை பேருக்கு எய்ட் கொடுத்தாங்க, சராசரியா எத்தனை டாலர்னு. எனக்கு வெயிட்லிஸ்ட் போட்ட அந்த காலேஜோட எச்6ஐ மார்ச்சுல திறந்து பாத்தேன், நாலு வருஷத்து மாணவர்களும் சேர்த்து மொத்தம் 19 பேர். இதை அக்டோபர்லயே பாத்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை.

இதுலயும் உங்க சதவீதம்னு ஒன்னு கிடைக்காது, அதையும் சொல்லிடுறேன். ஹார்வர்டுல 2024 மார்ச்ல முடிவு வந்த பேட்சுக்கு 54,008 பேர் அப்ளை பண்ணாங்க, 1,937 பேரை எடுத்தாங்க, 3.6 சதவீதம். ஆனா அதுக்குள்ளயே விளையாட்டுக்குன்னு முன்கூட்டியே தேடிப் பிடிச்சவங்க இருக்காங்க. அட்மிஷன்ல இனத்தைக் கணக்குல எடுக்குறதை எதிர்த்து ஹார்வர்டு மேல 2014ல போட்டு 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்ச அந்தக் கேஸ்ல வெளிய வந்த டேட்டாபடி அப்படிப்பட்டவங்கள்ல நூத்துக்கு 80க்கு மேல உள்ள போயிருக்காங்க, அப்போ மிச்சம் இருக்குறவங்களுக்கு 3.6 கூட கிடையாது. அதே கேஸ்ல வந்த இன்னொரு கணக்கு, 2019ல படிச்சு முடிக்கிற பேட்சுக்கு அப்ளை பண்ண சுமார் 26,000 அமெரிக்க மாணவர்கள்ல 8,000க்கு மேல பேர் முழு ஜிபிஏ, எஸ்ஏடி கணக்குப் பகுதியில முழு மார்க் வாங்கினவங்க 3,000 பேருக்கு மேல, மொழிப் பகுதியில முழு மார்க் வாங்கினவங்க சுமார் 2,700 பேர். உள்ள எடுத்தது எல்லா நாட்டுக்கும் சேர்த்து 2,000 பேர் பக்கம். இதைப் படிச்சதுக்கு அப்புறம் 1480ஐ 1530 ஆக்கிப் பாக்குற ஆசை எனக்குப் போயிடுச்சு. அந்த மாதிரி இடத்துல மார்க்குங்கறது கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போறது, அதுக்கு மேல நடக்குறது எந்த ஸ்க்ரீன்லயும் தெரியாது.

என் ரிசல்ட் கேக்குறவங்களுக்கு: சிவப்பு காட்டின எட்டுல எட்டும் கிடைக்கல. பச்சை மூணு, அதுல ஒன்னு வெயிட்லிஸ்ட், ஒன்னு கிடைச்சும் எய்ட் இல்ல, ஒன்னு ரிஜெக்ட். டிசம்பர்ல அக்காவும் நானும் எச்6ஐ மட்டும் வச்சுத் தேடி, எய்ட் நிறைய பேருக்குக் கொடுக்குற ரெண்டு சின்ன காலேஜை கடைசியா சேர்த்தோம், அந்த சைட் ரெண்டுக்கும் மஞ்சள் காட்டுச்சு, 30 சொச்சம். ஒன்னுல கிடைச்சது, எய்டோட. அங்கதான் போறேன்.

ஃப்ரீ அக்கவுண்ட் போட்டு காலண்டரையும் எஸ்ஸே கேள்வியையும் எடுத்துக்கோங்க, காசு கட்டாதீங்க. ஏற்கனவே கட்டியிருந்தா ரினியூவல் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே கேன்சல் பண்ணுங்க, எனக்கு அதே நாள் பண்ணப்போ இன்னொரு மாசத்துக்குப் பிடிச்சிட்டாங்க, திருப்பிக் கேட்டும் கொடுக்கல. கேன்சல் பண்றதுக்கு முன்னாடி உள்ள எழுதி வச்சிருக்குற எஸ்ஸே எல்லாத்தையும் வெளிய காப்பி பண்ணிடுங்க, பிளான் முடிஞ்ச அடுத்த நாள் அந்த ஃபோல்டர் பூட்டிக்கும்.